ஒரு டப்பா தவிடு

முதலில் அந்தச் சத்தம்தான் அக்கா. கப்பல் ஏறின மறுநாள், இருட்டின பிறகு. 'க்விக்… க்விக்…' என்று, ஈர ரப்பரைக் கண்ணாடியில் தேய்க்கிற மாதிரி. கொஞ்சம் நிற்கும், மறுபடி வரும். சுவருக்குள்ளே ஏதோ ஒன்று மூச்சு விடுகிற மாதிரி இருந்தது எனக்கு. எங்கள் வீட்டுக்காரரைத் தட்டி, "என்னங்க அது?" என்றேன். "கப்பல்னா முனகத்தான் செய்யும், படு" என்று திரும்பிப் படுத்துக்கொண்டார்.

இல்லை அக்கா, உட்காரவில்லை. இப்படியே நிற்கிறேன். பிள்ளைக்குப் பழைய டீ-ஷர்ட் ஏதாவது இருந்தால் வாங்கிப் போகலாம் என்றுதான் வந்தேன். நீங்கள் பெட்டியை வெளியே தள்ளிக்கொண்டிருந்தீர்கள், கதவு திறந்திருந்தது. "ஏன் பிள்ளையோட நிக்கிறீர், உள்ள வாரும்" என்று நீங்கள் சொன்னதும் கால் தானாக உள்ளே வந்துவிட்டது. எதிர் ரூமில் இருந்துகொண்டு இத்தனை நாள் சிரித்ததோடு சரி, பேர்கூடக் கேட்டதில்லை. என் பேர் கோமதி. கோமு என்பார்கள். இவன் சிவசைலம், சைலு. நாங்கள் டாம்பாவில் இருக்கிறோம். சொந்த ஊர் எனக்குச் சங்கரன்கோவில், அவருக்குத் தென்காசி. உங்கள் யாழ்ப்பாணத் தமிழ் எனக்குப் பாதிதான் பிடிபடுகிறது, ஆனால் கேட்க இதமாக இருக்கிறது.

சட்டையா? இவன் சட்டையெல்லாம் மதினியின் பெட்டியில் போய்விட்டது. மதினி என்றால் எங்கள் வீட்டுக்காரருடைய அக்கா, உலகம்மை. பக்கத்து ரூம்தான். நாளைக் காலையில் இறங்க வேண்டும், பெட்டிகளை இன்றைக்கே வராந்தாவில் வைத்துவிடச் சொல்லிவிட்டார்கள் இல்லையா, அவர்கள் பெட்டியை ஆள் வந்து எடுத்துக்கொண்டு போயாயிற்று. இவனிடம் இப்போது இருப்பது உடம்பில் போட்டிருக்கிற இந்த ஒன்றுதான்.

பிள்ளையை யாரும் என்னிடமிருந்து பிடுங்கவில்லை அக்கா. நீங்கள் அப்படி நினைத்துவிடக் கூடாது. காலையில் மயாமியில் இறங்கினதும் மதினி டல்லஸுக்கு விமானம் ஏறுகிறார்கள். சைலுவும் அவர்கள் மடியில் உட்கார்ந்து போகிறான். அவ்வளவுதான். நானும் இவரும் காரில் டாம்பாவுக்குப் போகிறோம். ஒரு மாசம்தான் என்கிறார் இவர்.

பிள்ளையைக் குடுங்கள் என்கிறீர்களா? வேண்டாம் அக்கா, கனமெல்லாம் இல்லை. பழகிவிட்டது.

எங்கள் மதினி மாதிரி ஒரு மனுஷி கிடைக்க மாட்டார்கள், அதையும் சொல்லிவிட வேண்டும். எங்கள் மாமனார் இறந்தபோது இவர் சின்னப் பிள்ளை. அம்மா வயல் வேலைக்குப் போனார்கள், அக்காதான் இவரை இடுப்பில் வைத்துக்கொண்டு பள்ளிக்கூடம் போனவர்கள். வகுப்பில் இவர் பென்சிலைத் தின்பாராம், அவர்கள் பாடம் எழுதுவார்களாம். அந்த அக்கா ஒன்று சொன்னால் இவர் தட்ட மாட்டார். குத்தாலிங்கம் என்ற பேரையே ஆபீசில் 'லிங்' என்று வெட்டிவிட்டார்கள், சீனாக்காரர் என்று நினைத்துக்கொள்கிறார்கள். ஆனால் அக்கா போனில் "ஏல குத்தாலம்" என்றால் போதும், எழுந்து நின்று பேசுவார். அப்படிப்பட்ட அக்காவுக்குப் பிள்ளை இல்லை. பார்க்காத டாக்டர் இல்லை.

எனக்கும் முதல் இரண்டும் தங்கவில்லை. மூன்றாவதாக இவன். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அன்றைக்கே எங்கள் மாமியார் தென்காசியிலிருந்து வீடியோவில் வந்து, "பிள்ளைய தவிட்டுக்கு வித்துருங்க" என்று ஒரே பிடியாக நின்றார்கள். உங்கள் பக்கம் இந்த வழக்கம் உண்டா? முன்னால் பிள்ளைகள் தங்காமல் போனால், அடுத்ததை வேறு ஒருத்தருக்குத் தவிட்டுக்கு விற்றுவிடுவது. அப்புறம் எமன் தேடி வந்தால் இது அந்த வீட்டுப் பிள்ளை இல்லை, அடுத்தவர் பிள்ளை, நாம் சும்மா வளர்க்கிறோம் என்று ஏமாந்து போய்விடுவான் என்று ஒரு நம்பிக்கை. நான் பாளையங்கோட்டையில் கான்வென்ட் ஹாஸ்டலில் படித்தவள். சிஸ்டர்கள் கேட்டால் சிரிப்பார்கள். ஆனால் இரண்டு பேரை எமனுக்குக் குடுத்தவளுக்குச் சிரிப்பு வருமா?

டாம்பாவில் தவிட்டுக்கு எங்கே போவது! இவர் கடை கடையாய் ஏறி, உடம்பு இளைக்கிறவர்கள் சாப்பிடுகிற ஓட்ஸ் தவிடு ஒரு டப்பா வாங்கி வந்தார். முறம் கிடையாது, கேக் செய்கிற தட்டில் கொட்டினார்கள். பிள்ளையைப் பார்க்க டல்லஸிலிருந்து வந்திருந்த மதினி கிழக்கே பார்த்து உட்கார்ந்தார்கள், தட்டை என் கையில் கொடுத்தார்கள், நான் பிள்ளையை அவர்கள் மடியில் போட்டேன். மாமியார் போனில் இருந்தபடி கேட்டார்கள்: "வித்தாச்சா?"

"வித்தாச்சு" என்றேன்.

"வாங்கியாச்சா?"

"வாங்கியாச்சும்மா, வாங்கியாச்சு" என்று மதினி சொல்லும்போது குரல் உடைந்துவிட்டது. எல்லோருக்கும் கண் கலங்கிற்று. முதல் மொட்டை போடும்போது திரும்ப வாங்கிக்கொள்ளலாம் என்று சொன்னார்கள். மிச்சத் தவிட்டை என்ன செய்வது? வீணாகப் போகிறதே என்று மஃபின் சுட்டேன். நானேதான் தின்றேன். மதினி அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்கள். "வித்த விலையையே தின்னுட்டா பாரு எங்க கோமு!" இந்தக் கப்பலிலும் அன்றைக்குச் சாப்பாட்டு மேஜையில் சொன்னார்கள். எல்லோரும் சிரித்தோம். நானும்தான் சிரித்தேன்.

இந்தக் கப்பல் பயணமே மதினியின் பரிசுதான். "கோமு ஒரு வருசமா கண்ண மூடல. ரெண்டு பேரும் புதுசா கல்யாணம் ஆனவுக மாதிரி சுத்துங்க. பிள்ளைய நான் பாத்துக்கிடுதேன்." பக்கத்துப் பக்கத்து ரூம், நடுவில் ஒரு கதவு. பார்த்திருப்பீர்கள், அலமாரி மாதிரியே இருக்கும். முதல் நாள் அந்தக் கதவைத் திறந்து வைத்தார்கள், அப்புறம் சாத்தவே இல்லை. இவனுடைய தொட்டில் எங்கள் ரூமில் இருந்தது. மறுநாள் நாங்கள் நீச்சல் குளத்துப் பக்கம் போய்விட்டு வந்தபோது கதவுக்கு அந்தப் பக்கம் இருந்தது. "உங்க ரூம்ல ஏசி ஒரே குளுரு" என்றார்கள். உண்மைதான் அக்கா, எங்கள் ரூம் கொஞ்சம் குளிர்தான்.

அன்றைக்கு ராத்திரிதான் அந்தச் சத்தம்.

பொழுது விடிந்ததும் பார்த்தேன். மதினி ரூம் கை கழுவுகிற தொட்டியில் பால் பாட்டில் கழுவிக் கவிழ்த்திருந்தது. ரப்பர் காம்புக்குள் காற்றுப் போகிற சத்தம் அது. சைலு பாட்டிலே குடித்ததில்லை அக்கா. நான்தான் கொடுத்துக்கொண்டிருந்தேன். "பசிச்சு அழுதான். நீ அசந்து தூங்குத, எழுப்ப மனசு வரல" என்றார்கள். நான் தூங்கவில்லை. முழித்துக்கொண்டு சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தேன். அதைச் சொல்லலாமா? சொன்னால் அவர்கள் பொய் சொன்ன மாதிரி ஆகிவிடுமே. "தேங்க்ஸ் மதினி" என்றேன்.

அதுக்கப்புறம் எனக்கு ஓய்வு எடுப்பதுதான் வேலை. காலையில் யோகா. அப்புறம் மேல்தளத்தில் நடன வகுப்பு. ஜமைக்காக்காரப் பெண் ஒருத்தி இடுப்பை ஆட்டச் சொல்லித் தருவாள், எனக்கு நெஞ்சு கல்லாய்க் கட்டிக்கொண்டு வலிக்கும். கோசுமெல் தீவில் கரை இறங்கினோம். கண்ணாடி போட்டுக்கொண்டு தண்ணீருக்குள் மீன் பார்க்கச் சொன்னார்கள். மஞ்சளும் நீலமுமாக என்ன அழகு! இவர் தண்ணீரிலிருந்து தலையைத் தூக்கி, "சந்தோசமா இருக்கியா?" என்றார். "ம்" என்றேன். வாயில் குழாய் இருக்கும்போது வேறு என்ன சொல்ல முடியும்?

ஒவ்வொரு தடவையும் திரும்பி வந்து நடுக்கதவில் எட்டிப் பார்ப்பேன். "ஸ்ஸ்… இப்பத்தான் கண்ணசந்தான்." இல்லாவிட்டால், "வயிறு நெறஞ்சு கெடக்கான், இப்ப போயி எதுக்கு?" நான் குளியலறைக்குள் போய்ப் பாலைப் பீய்ச்சித் தொட்டியில் விடுவேன். அதற்கும் சத்தம் வரக்கூடாது என்று குழாயைத் திறந்து வைத்துக்கொள்வேன்.

எல்லோரும் நன்றாக உடுத்திக்கொண்டு சாப்பிட வருகிற அந்த ராத்திரி இருந்ததே, அன்றைக்கு நான் அரக்குப் பட்டு கட்டியிருந்தேன். சூப் வருவதற்குள் முன்பக்கம் நனைந்துவிட்டது. இவர் கோட்டைக் கழற்றிப் போர்த்திவிட்டார். அந்த மாதிரி விஷயத்தில் ரொம்பக் கவனம். மதினி குனிந்து என் காதில், "வத்தட்டும்ட்டி. பாலு வத்துனாத்தான் ஒடம்பு தேறும்" என்றார்கள். எவ்வளவு அன்பாகச் சொன்னார்கள் தெரியுமா? முதுகைத் தடவிக் கொடுத்தார்கள். அந்தக் கை பட்டதும் எனக்கு அழுகை வந்துவிட்டது. ஏன் என்று இன்னும் புரியவில்லை.

இதில் யாரைக் குற்றம் சொல்வது, சொல்லுங்கள். ஒரு நாள் துணிந்து கீழே வரவேற்பு மேஜைக்குப் போனேன். நல்ல இங்கிலீஷில் வாக்கியமெல்லாம் மனதுக்குள் கோத்துக்கொண்டுதான் போனேன். அந்தப் பெண் சிரித்துக்கொண்டே, என்ன உதவி வேண்டும் என்று கேட்டாள். என்னவென்று சொல்வேன்? என்னை நன்றாக ஓய்வெடுக்கச் சொல்கிறார்கள் என்றா? என் பிள்ளை வயிறாரச் சாப்பிடுகிறான் என்றா? "இன்னொரு தலையணை கிடைக்குமா?" என்று கேட்டுவிட்டு வந்தேன். இரண்டு அனுப்பினார்கள். துண்டில் ஒரு யானை வேறு செய்து கட்டில் மேல் வைத்திருந்தார்கள்.

கேட்டிருந்தால் மாட்டேன் என்று சொல்லியிருப்பேன் அக்கா. யாரும் என்னிடம் எதையும் கேட்கவே இல்லை. நான் எதற்கு மாட்டேன் என்று சொல்வது?

பிறகு அந்தப் பேச்சு. மேல்தளத்தில் ஐஸ்கிரீம் தருகிற இடத்தில் உட்கார்ந்திருந்தோம். மதினியின் வீட்டுக்காரர், அண்ணாச்சி, அவர் பேசமாட்டார், ஐஸ்கிரீம்தான் சாப்பிடுவார். இவன் மதினியின் மடியில் இருந்தான். நான் கையை நீட்டினேன். வரவில்லை. சட்டையைப் பிடித்துக்கொண்டு முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டான். மதினி கொஞ்சிக்கொண்டே, "அத்தைட்ட போ ராசா. அத்தை கூப்பிடுதால்லா?" என்றார்கள்.

அவர்கள்தானே இவனுக்கு அத்தை? வாய் தவறிச் சொல்லிவிட்டார்கள் என்றுதான் நினைத்தேன். சிரித்தேன்கூட. அப்போது இவர் காபி வாங்கிக்கொண்டு வந்தார். மதினி பிள்ளையின் கையைப் பிடித்து ஆட்டி, "அந்தா பாரு, மாமா வந்துட்டான்! மாமாவுக்கு டாட்டா சொல்லு" என்றார்கள்.

பெற்ற தகப்பன் அக்கா. கையில் காபியோடு நின்றார். அக்காவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பிறகு குனிந்து, "டாட்டா மருமகனே" என்றார்.

கடலைப் பார்த்தேன். எந்தப் பக்கம் பார்த்தாலும் தண்ணீர். இத்தனை பேர், இத்தனை பாட்டு, இத்தனை சாப்பாடு, ஒருத்தரும் இறங்க முடியாது.

ராத்திரி இவரிடம் கேட்டேன். "ஏன் அப்பிடிச் சொன்னீங்க?"

"அக்கா வெளையாட்டுக்குச் சொன்னா, நானும் வெளையாட்டுக்குச் சொன்னேன். உனக்கு எல்லாத்துக்கும் பயம்."

அதுவும் சரிதான். நான் பயந்த பிறவி. லிஃப்டுக்குப் பயம், கார் ஓட்டப் பயம். கான்வென்டில் எனக்கு 'மே ஐ' என்றுதான் பட்டப்பேர். தண்ணீர் குடிக்கக்கூட அனுமதி கேட்பேன். அதனால் இதுவும் என் பயம்தான் என்று இருந்துவிட்டேன்.

டீ-ஷர்ட் இதுவா? போதும் அக்கா, நன்றாக இருக்கிறது. பெரியதாக இருந்தால் என்ன, கணுக்கால் வரைக்கும் வந்தால் குளிராது. இல்லை, நானே போட்டுவிடுகிறேன், நீங்கள் பிள்ளையை வாங்க வேண்டாம்.

இன்றைக்குச் சாயங்காலம் இவனுக்கு உடுப்பு மாற்றலாம் என்று எங்கள் ரூம் இழுப்பறையைத் திறந்தேன். காலி. சாக்ஸ் ஒன்றுகூட இல்லை. நடுக்கதவு வழியாகப் போய்க் கேட்டேன். மதினி கட்டிலில் உட்கார்ந்து இவனுக்குப் பவுடர் போட்டுக்கொண்டிருந்தார்கள்.

"எல்லாத்தையும் நம்ம பெட்டியில வச்சிட்டேன் கோமு. டல்லஸ்ல எறங்குன ஒடனே வேணும்லா."

வராந்தாவுக்கு ஓடினேன். அவர்கள் ரூம் வாசலில் பெட்டி இல்லை. எங்கள் பெட்டி மட்டும் நின்றது. உள்ளே திரும்பி வந்தால் இவரும் அங்கேதான் இருக்கிறார், ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு. வெளியே ஒன்றும் தெரியவில்லை, கறுப்பாகத் தண்ணீர்தான்.

"டல்லஸுக்கு யாரு?" என்றேன்.

"ஒரு மாசந்தான் கோமு. நீ ஒடம்பத் தேத்து. வேலைக்கு அப்ளை பண்ணணும்னு சொன்னேல்லா."

"யாரு முடிவு பண்ணுனா?"

"பேசிக்கிட்டோம்."

"யாரோட?"

"அக்காவோட."

மதினி சிரித்துக்கொண்டேதான் சொன்னார்கள், கோபமே இல்லை. "ஏட்டி, நீதான வித்த? மொட்டை போடும்போது வந்து வாங்கிக்கோ. இல்ல, அப்பவும் மஃபின் சுடுவியா?"

அப்போது அண்ணாச்சி வாயைத் திறந்தார் அக்கா. கப்பல் ஏறினதிலிருந்து என்னிடம் அவர் பேசின ஒரே பேச்சு. "தாயி, இவ இப்பத்தான் ராத்திரி தூங்குதா" என்றார். "இத்தன வருசத்துல இப்பத்தான்."

அதைக் கேட்டதும் மதினி முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். சிரிப்பு அப்படியே இருக்கிறது, கண் மட்டும் வேறே யாருடையதோ மாதிரி. பவுடர் போட்ட கை பிள்ளையின் வயிற்றின் மேலேயே இருந்தது. நான் கெட்டவள் இல்லை அக்கா. எனக்கு அவர்கள்மேல் இரக்கம் இல்லாமல் இல்லை. அந்த இரக்கத்தினால்தானே அன்றைக்கு மடியில் போட்டேன். ஆமாம் என்று தலையாட்டக்கூடச் செய்தேன், தெரியுமா? "சரி மதினி" என்றேன். என் வாய்தான் சொன்னது.

சொல்லிவிட்டு, "ஒரு தடவ பால் குடுத்துட்டுத் தாரேன்" என்றேன்.

"பாலா? அதான் வத்திட்டுதே."

"குடுக்கட்டும்க்கா" என்றார் இவர். ஜன்னல் பக்கமிருந்து திரும்பாமலே சொன்னார். நல்லவர்தான். பாவம்.

பிள்ளையை எடுத்துக்கொண்டு எங்கள் ரூமுக்கு வந்து நடுக்கதவைச் சாத்தினேன். உடனே திறந்தார்கள். "எதுக்குச் சாத்துத? எப்பவும் தொறந்துதான கெடக்கும்?" என்றார்கள். "அண்ணாச்சி இருக்காகளே மதினி, கூச்சமா இருக்கு" என்றேன். அதற்கு மட்டும் யாரும் பதில் சொல்ல முடியாது பாருங்கள். "அதுவுஞ் சரி" என்று அவர்களே சாத்திக்கொண்டு போனார்கள்.

கட்டிலில் உட்கார்ந்தேன். குடுத்துப் பார்த்தேன். குடிக்க மாட்டேன் என்கிறான் அக்கா. வாயை இறுக்கி மூடிக்கொண்டு, கழுத்தை வளைத்து அந்தக் கதவையே பார்க்கிறான். அவ்வளவு நேரம் எனக்குப் பயம்தான் இருந்தது. பயத்துக்கு அடியில் வேறு ஒன்று இருந்தது அப்போதுதான் தெரிந்தது, அதற்கு என்ன பேர் வைப்பது என்று தெரியவில்லை. எழுந்தேன். செருப்புப் போடவில்லை. வராந்தாக் கதவைத் திறந்தேன். இரண்டு பக்கமும் பெட்டி, பெட்டி, பெட்டி. எந்தப் பக்கம் போனாலும் கப்பல்தானே. நேர் எதிரே உங்கள் கதவு திறந்திருந்தது.

டீ-ஷர்ட்டும் வேண்டும்தான். அது பொய் இல்லை.

உங்கள் வீட்டுக்காரர் பாட்டுக் கச்சேரி முடிந்து வருவதற்குள் போய்விடுகிறேன் அக்கா. உங்களுக்கு எதற்குத் தொந்தரவு? குடும்ப விஷயம். நாளைக்கு இறங்கும்போது நீங்கள் எங்களோடு சேர்ந்து வரிசையில் வந்தால்… இல்லை, அதெல்லாம் வேண்டாம். நீங்கள் டொரொண்டோ போக வேண்டியவர்கள். நான் என்னவோ உளறுகிறேன். ஆனால் வருவீர்களா? பக்கத்தில் நின்றால் மட்டும் போதும். அங்கே அதிகாரி ஒருத்தர் ஒவ்வொருவர் முகமாகப் பார்ப்பார் இல்லையா, இது யார் பிள்ளை என்று கேட்பாரா? கேட்டால், 'மைன்' என்று சொல்லிவிடுவேன். அந்த ஒரு வார்த்தைக்கு யாரையும் கேட்க வேண்டியதில்லையே.

பேசாதீர்கள் அக்கா. கேட்கிறதா?

அவர்தான். "கோமு… ஏ கோமு…" மெதுவாகத்தான் கூப்பிடுகிறார். மற்றவர்களுக்குத் தொந்தரவாகிவிடக் கூடாது என்று பார்க்கிற மனுஷன். பெட்டிகளை நகர்த்துகிறார். ஐயோ, உங்கள் கதவு சரியாகச் சாத்தவில்லை, உங்கள் செருப்பு ஒன்று இடையில் கிடக்கிறது.

மதினியும் வருகிறார்கள்.

"சைலு… எங்க எஞ் சைலு? அம்மா கூப்பிடுதேன்லா?"

பார்த்தீர்களா, தலையைத் தூக்குகிறான். அந்தக் குரல் எப்படித் தெரிகிறது பாருங்கள் இவனுக்கு! சிரிக்கிறான் அக்கா. இரண்டு கையையும் கதவுப் பக்கம் நீட்டுகிறான், எம்புகிறான், அழப் போகிறான்.

நீட்டட்டும். அழட்டும்.

நீங்கள் எழுந்திருக்காதீர்கள். செருப்பை நான் தள்ளிவிட்டேன். சாத்தினேன். இந்தக் குமிழை இப்படித் திருப்ப வேண்டும், மேலே கொண்டி ஒன்றும் இருக்கிறது. எனக்கு எட்டும். பிள்ளையை வைத்துக்கொண்டே எட்டும்.

போட்டுவிட்டேன்.